இரண்டாம் முழுக்கு

"கால்," என்றான் ஆல்ரெட்.

தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஸ்டோக்ஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் கையைப் பற்றிக்கொண்டு எர்சிரா இருமினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியிருந்தது. அறுபத்திரண்டு வயது, கனத்த உடம்பு. வெள்ளை அங்கி நனைந்து அவள் மேல் ஒட்டிக் கிடந்தது.

"எந்தக் கால்?"

"வலது கால். பெருவிரல் மேல வந்துச்சு."

தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சாட்சிகள். முழுக்கு ஞானஸ்நானம் வாங்குகிறவரின் தலைமயிர் நுனி தண்ணீருக்கு வெளியே நின்றாலும் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து. ஜெபத்தில் ஒரு சொல் மாறினாலும் அப்படித்தான். அதைப் பார்த்துச் சொல்லத்தான் சாட்சிகள். ஒருவன் ஆல்ரெட், ஸ்டோக்ஸின் துணை ஊழியன்; இந்த இளம் ஊழியக்காரர்களை எல்டர் என்ற பட்டத்தால்தான் சபையில் அழைப்பார்கள். எதிர்ப்பக்கம் நெஃப்தாலி பாரியா, எழுபது தாண்டிய பழைய படகோட்டி. கொதிகலன் ஜூலையிலேயே கெட்டுப்போனதால் சபைப் பெண்கள் அடுப்பில் காய்ச்சி, கெண்டி கெண்டியாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றியிருந்தார்கள். அந்த ஆவியில் கிழவரின் மூக்குக்கண்ணாடி மூடிப்போயிருந்தது.

சபையின் உள்ளூர்க் கிளைத் தலைவர் கார்கமோ அவரைக் கேட்டார். "நீங்க பாத்தீங்களா, சகோதரரே?"

"வெள்ளையா ஏதோ உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. எல்டர் கால்னு சொன்னா கால்தான்."

பின்வரிசையில் சிரித்தார்கள். ஸ்டோக்ஸ் சிரிக்கவில்லை.

கால் நிஜமாகவே வந்திருந்தது. ஆல்ரெட் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் ஸ்டோக்ஸின் முகம் வெளுத்ததே, அதைப் பார்த்தபோது நாக்கில் ஏதோ இனித்தது. பத்து வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டோக்ஸ் ஊழியத்துக்கு வந்து இருபத்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் அரிசோனாவுக்கு, வீட்டுக்கு. இத்தனை நாளில் அவன் கையால் ஒருவர்கூட முழுக்கு வாங்கியதில்லை. தட்டிய கதவுகளுக்குக் கணக்கில்லை, பாடம் சொன்ன வீடுகளும் ஏராளம். எல்லோரும் கடைசி வாரத்தில் நழுவினார்கள். இல்லையென்றால் அதற்குள் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். எத்தனை பேர் ஆயிற்று என்று அவன் அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். எர்சிரா ஒருத்திதான் தேறினாள். அப்பாவுக்கு அனுப்பப் படம் எடுக்க, கார்கமோவின் மனைவி முன்வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆங்குத் என்ற அந்தத் தீவு ஊரில் அது மழைக்காலத்தின் நடு. மதியம் நாலு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது.

ஆல்ரெட்டின் அப்பா யூட்டாவில் செம்மறி ஆடு வளர்ப்பவர். ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையிலிருக்கும் நாயை வேலை வாங்குகிற குரல். அந்தக் குரலில்தான் புற்று வந்தது. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அம்மாவின் கடிதம் கிடைத்தது. வருகிற புதன்கிழமை குரல்வளையை எடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் பேச்சு கிடையாது. ஒலிநாடாவில் பேசி அனுப்பச் சொன்னேன், பெட்டியோடெல்லாம் பேச முடியாது என்கிறார். திங்கட்கிழமை நீ கூப்பிடு, நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குத் தொலைபேசுவது வருஷத்துக்கு இரண்டு முறை. கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்ற நாளில் மிஷன் தலைவரின் அனுமதி வேண்டும். ஆல்ரெட் மிஷன் அலுவலகம் இருந்த ஒசோர்னோவுக்குப் போன் செய்தான். தலைவர் தெற்கே சுற்றுப்பயணத்தில் இருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார் காரியதரிசி.

திங்கட்கிழமை வந்தது. அனுமதி வரவில்லை. துணி துவைத்துக் கடிதம் எழுதுகிற நாள் அது. ஸ்டோக்ஸ் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்துக்கு மை தடவிக்கொண்டிருந்தான்.

"வா எல்டர். பத்து நிமிஷம். பேசிட்டு வந்துருவோம்."

"அனுமதி வரலியே."

"அவர் ஊர்லயே இல்ல. வந்தா குடுக்கத்தான் போறாரு."

"குடுக்கட்டும். குடுத்ததும் போலாம். நான் வேணாம்னா சொல்றேன்?"

"புதன்கிழமை வெட்டி எடுத்துருவாங்கடா."

"உயிருக்கு ஒண்ணுமில்லையே. கடிதாசி எழுதலாம்ல." ஸ்டோக்ஸ் சப்பாத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "சின்ன விதியில வழுக்கினா பெரிய விதியில விழுவோம், எல்டர். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஊழியக்காரன் தனியாக எங்கும் போகக்கூடாது. துணைவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு. ஆக, ஒருவன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் மற்றவனுக்கும் கால் கிடையாது. ஸ்டோக்ஸ் எழுந்திருக்கவில்லை. ஆல்ரெட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை வரை போனான். எதிரே தொலைபேசிக் கடை, உள்ளே வரிசையாய் மரக் கூண்டுகள், எல்லாமே காலி. மழையில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்துவிட்டான். அவன் வரும்போது ஸ்டோக்ஸ் இரண்டாவது சப்பாத்துக்கு வந்திருந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை தலைவரே கூப்பிட்டார். "இதுக்கெல்லாமா கேப்பாங்க, மகனே? உடனே பேசு." மகனே என்றபோது ஆல்ரெட் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

அம்மாவின் அடுத்த கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது. திங்கட்கிழமை முழுக்க அப்பா சமையலறையில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்காக மிச்சம் பிடித்து வைத்திருந்தார். இருட்டியதும் எழுந்து ஆட்டுப் பட்டிக்குப் போனார்.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு அவர்கள் எர்சிராவின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சந்தையில் புகையில் வாட்டிய சிப்பியும் உலர்ந்த கடற்பாசியும் விற்பவள். ஸ்டோக்ஸ் பாடம் நடத்தினான். ஆல்ரெட் வாயைத் திறக்கவில்லை. பாடம் முடிந்ததும் அவள் அடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் மீன்சாறு எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அப்பன் செத்துட்டானா?"

"இல்லம்மா."

"அப்ப குடி."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்டோக்ஸுக்கு அவள் கொடுக்கவுமில்லை.

அதற்கப்புறம் ஆல்ரெட் விதிகளின் மனிதனாகிவிட்டான். காலை ஆறரைக்கு மணி அடித்தால் ஆறரையைத் தாண்டி அரை நிமிஷம் ஸ்டோக்ஸைப் படுக்க விடுவதில்லை. போர்வையை உருவினான். ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டோக்ஸ் அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை வாங்கச் சந்தைக்குப் போகலாம் என்றான். நல்ல சால்வை, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, போய்விடும். ஆல்ரெட் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். மை டப்பாவைத் திறந்தான்.

"இன்னிக்குச் செவ்வாய். கடைக்குப் போற நாள் இல்லியே, எல்டர்."

"அஞ்சு நிமிஷம்டா."

"சின்ன விதியில வழுக்கினா..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் மை தடவினான்.

சால்வை விற்றுப்போனது. அதில் ஆல்ரெட்டுக்குச் சமாதானம் ஆகவில்லை. சால்வைக்கும் குரலுக்கும் எங்கே ஈடு? கடன் இன்னும் அப்படியே நின்றது. இரவும் பகலும் பன்னிரண்டு அடிக்குள் அந்த மனிதன். அவன் பல் துலக்குகிற சத்தம், அவன் இருமல், சாப்பாட்டுக்கு முன் அவன் நீட்டி முழக்குகிற ஜெபம். உள்ளே கறுவிக்கொண்டே ஆல்ரெட் ஆமென் சொன்னான்.

முழுக்குக்கு நாள் குறித்தபோது யார் கையால் வேண்டும் என்று எர்சிராவைக் கேட்டார்கள். அவள் இருவரையும் மாடு பிடிக்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"இந்த ஒல்லிப் பையன் நல்லவன்தான். ஆனா கையப் பாரு, துடைப்பக் குச்சி. என்னை உள்ள விட்டுட்டு வெளிய எடுக்க ஆள் தேடுவான். அந்தத் தடியனே செய்யட்டும்."

கடலோடு பிழைப்பவள், கடலில் தலையை முக்காதவள். நாற்பது வருஷம் கடல் வற்றும் பொழுதில் இடுப்பளவு இறங்கிச் சிப்பி பொறுக்கியிருக்கிறாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தால் கரை ஏறிவிடுவாள். அந்தத் தீவில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தலையை உள்ளே வைத்தால் கடல் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் என்பார்கள்.

இப்போது தொட்டிக்குள் அவள் மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"சரி, திரும்ப முக்கு. சீக்கிரம். வெந்நீருன்னு சொன்னாங்க. எந்த ஊரு வெந்நீரோ."

"முட்டியை மடிச்சுக்குங்கம்மா," என்றான் ஸ்டோக்ஸ். "பாதம் தரையில அழுந்தியிருக்கட்டும்."

வலது கையைத் தோளுக்குமேல் உயர்த்தினான். அவளுடைய முழுப்பெயரைச் சொன்னான். எர்சிரா தெல் கார்மென் மன்சில்லா ஒயார்சோ. இரண்டு வரி ஜெபம், பிசகில்லாமல் வந்தது. பின்னால் சாய்த்து உள்ளே விட்டான். தண்ணீர் அவள் முகத்தின் மேல் மூடியது. ஆல்ரெட் குனிந்து பார்த்தான். மயிர், மூக்கு, முழங்கை, முட்டி, விரல் எல்லாம் உள்ளே. அங்கியின் ஓரம்கூட மிதக்கவில்லை. இவ்வளவு சுத்தமான முழுக்கை அவன் பார்த்ததில்லை.

அவள் எழுந்தாள். ஸ்டோக்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினெட்டு வயதுப் பையன் சிரிக்கிற சிரிப்பு. கேமரா ஒருமுறை மின்னியது.

"முட்டி," என்றான் ஆல்ரெட்.

முன்வரிசையில் கேமரா மடிக்கு இறங்கியது.

"என்ன முட்டி?" என்றாள் எர்சிரா.

"இடது முட்டி. கொஞ்சம் மேல தெரிஞ்சுது."

"என் முட்டி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"தண்ணிக்குள்ள தெரியாதும்மா." குரல் நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

கார்கமோ கிழவரைப் பார்த்தார். நெஃப்தாலி கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடியும் மாட்டினார். அது மறுபடியும் மூடிக்கொண்டது. "இளவயசுக் கண்ணு," என்றார். "நான் என்னத்தச் சொல்ல?"

ஸ்டோக்ஸ் ஆல்ரெட்டைப் பார்த்தான். சந்தேகப்படவில்லை. அவனுக்குச் சந்தேகப்படத் தெரியாது. சாட்சி சொன்னால் சொன்னதுதான், அது விதி. தன்மேல்தான் ஏதோ குறை என்று அவன் நம்பத் தொடங்குவது முகத்தில் தெரிந்தது. இருபத்து மூன்று மாதமும் அந்த முகத்தில் வந்து நின்றது.

மூன்றாம் முறை கையை உயர்த்தினான். பெயரைச் சொன்னான். அடுத்த சொல் வரவில்லை. "மன்னிக்கணும்," என்று முதலிலிருந்து தொடங்கினான். பெயரில் பாதியை விழுங்கினான். மறுபடியும் தொடங்கினான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆல்ரெட் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை முழுக்க போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டான். சொல்ல வார்த்தை இருந்து, சொல்ல முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று இவனுக்கும் தெரியட்டும்.

எர்சிரா தன் மணிக்கட்டை ஸ்டோக்ஸின் பிடியிலிருந்து உருவினாள்.

"போதும். இந்தத் தம்பி கை நடுங்குது. இவன் முக்கினா நான் உள்ளயே தங்கிருவேன்." திரும்பி ஆல்ரெட்டைக் காட்டினாள். "அவனை எறங்கச் சொல்லு."

"சகோதரி..." என்றார் கார்கமோ.

"கண்ணு அவ்வளவு கூர்மையா இருக்கே. கை எப்படின்னு பாப்போம். எறங்குடா ஒல்லி."

"நான் தயாரா வரலம்மா. வெள்ளை உடுப்பு இல்ல."

"அந்தத் தடியன் உடம்புல இருக்கே, அது என்ன கருப்பா?"

சபையில் ஆண்களுக்கு இருந்த வெள்ளை உடுப்பு ஒன்றே ஒன்றுதான். உடை மாற்றும் சின்ன அறையில் ஸ்டோக்ஸ் அதைக் கழற்றினான். பல் தந்தியடித்தது. ஆல்ரெட் தன் கோட்டையும் கழுத்துப்பட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டினான். ஈர உடுப்பை ஸ்டோக்ஸ் பிழிந்து நீட்டினான்.

"கால்சட்டை உனக்கு லூசா இருக்கும். இந்தக் கயிறால கட்டிக்கோ."

அதை மாட்டிக்கொண்டபோது தோளிலும் முதுகிலும் இன்னும் ஸ்டோக்ஸின் உடம்புச் சூடு இருந்தது. ஆல்ரெட்டின் உடம்பு கூசியது.

அவன் இடத்தில் சாட்சியாக ஸ்டோக்ஸ் வந்து நின்றான். ஈரத் தலை, உலர்ந்த சட்டை. ஆல்ரெட் படியிறங்கினான். தண்ணீர் கடல்போல் குளிர்ந்து கிடந்தது. எர்சிரா அவன் கையைப் பிடித்தாள், சிப்பி கீறிக் கீறிக் காய்த்துப்போன விரல்கள்.

"ஒழுங்கா முக்கு," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "என்மேல உனக்கு ஒண்ணும் கோவம் இல்லையே?"

அவன் கையை உயர்த்திப் பெயரைச் சொன்னான். ஜெபத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னான். அவளைச் சாய்த்தான். அவள் கனம் முழுக்க அவனுடைய துடைப்பக் குச்சிக் கையில் வந்து விழுந்தது. கால் வழுக்கியது. அவளைத் தூக்கிப் பிடிக்க அவன் தடுமாறிய அந்தக் கணத்தில் அவளுடைய வலது பாதம், குதிகால் வரைக்கும், தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றது. அவன் பார்த்தான். வெளுத்து, சுருங்கி, மீன்போல. அப்புறம் உள்ளே போயிற்று. அவளை எப்படியோ நிமிர்த்திவிட்டான்.

தலையைத் திருப்பினான். ஸ்டோக்ஸ் நேராக அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் நகம் வெளியே தெரிந்தாலும் சொல்கிறவன். அனுமதிச் சீட்டு இல்லாமல் எழுந்திருக்காதவன்.

"சாட்சிகள்?" என்றார் கார்கமோ.

"எனக்கு வெள்ளைதான்," என்றார் நெஃப்தாலி.

ஸ்டோக்ஸ் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஆல்ரெட்மேல் வைத்தான்.

"சரியா இருந்துச்சு," என்றான்.

எல்லோரும் பாட எழுந்தார்கள்.

பாட்டு முடிந்து, மேஜைமேல் ஆப்பிள் ரொட்டியும் சூடான பாலும் வைத்தார்கள். எர்சிரா தலையில் துவாலையோடு வந்தாள். ஆல்ரெட்டை ஜன்னல் பக்கம் ஒதுக்கினாள்.

"எனக்கு ரெண்டாவது தடவையே ஆயிருச்சு. அது கடவுளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். காகிதத்துல என்ன வேணா எழுதிக்குங்க." ரொட்டித் துண்டை அவன் கையில் திணித்தாள். "அந்தத் தடியன் உனக்கு என்னடா செஞ்சான்?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான்.

"பெருசாத்தான் இருக்கும்," என்றாள். "ஆனா தண்ணி குடிச்சது நான்."

வீட்டுக்கு இருவரும் மழையில் நடந்தார்கள். வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில். பாலத்தருகே வந்தபோது ஸ்டோக்ஸ் பேசினான்.

"குதிகால் வரைக்கும் வெளிய வந்துச்சு. பாத்தேன்."

ஆல்ரெட் நடையை நிறுத்தவில்லை.

"நீயும் பாத்த. நீ பாத்ததையும் பாத்தேன்." ஸ்டோக்ஸ் குடையை மாற்றிப் பிடித்தான். "கழட்டிப் பிழியறப்பத்தான் யோசிச்சேன். முட்டி வந்திருந்தா அந்தம்மா அவ்வளவு அடிச்சுச் சொல்லாது. சந்தையில எடைக்கல்ல தொட்டுப் பொய் சொல்லாத பொம்பள."

"அப்ப அங்கயே சொல்ல வேண்டியதுதான?"

"எதுக்கு? இது உன்கிட்டயே இருக்கட்டும். உன் கையால ஒரு முழுக்கு, செல்லாதது. வேணும்னா நீயே போய் கார்கமோகிட்ட சொல்லு. முட்டியப் பத்தியும் சேத்துச் சொல்லணும், அவ்வளவுதான்." கொஞ்ச தூரம் போய், "ஒரே ஒரு போனுக்காகடா," என்றான்.

"ஒரே ஒரு போன்தான் இருந்துச்சு," என்றான் ஆல்ரெட்.

பாலத்தைக் கடந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்கு எழுந்தார்கள். பத்து மணி ஆராதனையில் எர்சிரா பழுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கார்கமோ அவள் தலையில் கை வைத்து அவளைச் சபையில் சேர்த்தார். பிறகு அலுவலறையில் படிவம் நிரப்பினார். முழுக்குக் கொடுத்தவர் என்ற இடத்தில் லேன் ஆல்ரெட் என்று எழுதினார். சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டார்கள். நெஃப்தாலி இடம் தெரியாமல் கோட்டுக்குக் கீழே போட்டார். ஸ்டோக்ஸின் கையெழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது. ஆல்ரெட்டிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவன் போட்டான். மதியம் எர்சிரா வீட்டில் சாப்பாடு. மீன்சாறு. இந்த முறை இரண்டு கிண்ணம் வைத்தாள். ஸ்டோக்ஸ் ஜெபம் செய்தான், சுருக்கமாக. அதன்பின் இருவரும் துறைமுகப் பக்கம் போய்ப் பதினொரு கதவு தட்டினார்கள். இரண்டு வீட்டில் நாய் குரைத்தது. ஒரு வீட்டில் ஆள் இருந்தும் திறக்கவில்லை. மழை விடவில்லை. ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பிவிட்டார்கள்.